முடிசூடும் பெருமாளும் ஒரு தலைப்பாகையும்

1809ஆம் ஆண்டு. தென் திருவிதாங்கூரில், இன்றைய நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் உள்ள பூவண்டன்தோப்பில் பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. 'முடிசூடும் பெருமாள்' என்று பெயர் வைத்தார்கள். பனையேறிப் பிழைக்கிற சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் கொதித்தார்கள். பெற்றவர்கள் பணிந்துபோய் 'முத்துக்குட்டி' என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். பிறந்த பிள்ளைக்குப் பிடித்த பெயரை வைக்கக்கூட ஊரின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது.

முத்துக்குட்டிக்குக் கடுமையான நோய் கண்டது. 1833 மாசியில், திருச்செந்தூர் முருகனிடம் கொண்டுபோனால் குணமாகும் என்று தாய் அவரை அழைத்துப் போனார். அங்கே அவர் கடலுக்குள் இறங்கிப் போனார். மூன்றாம் நாள் எழுந்து வந்தவர், தான் முத்துக்குட்டி இல்லை, நாராயணர் பெற்றெடுத்த வைகுண்டர் என்றார். கொல்லம் ஆண்டு 1008, மாசி 20 என்று, அவரைப் பின்பற்றும் ஐயாவழி மக்கள் அந்த நாளைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த நாளில் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகிறது. பூவண்டன்தோப்பு சாமித்தோப்பு ஆனது அவரால்தான்.

ஊர்வலத்தில் போகும் ஆண்களின் தலையைப் பாருங்கள். எல்லாரும் துணியால் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். ஐயாவழியின் வழிபாட்டிடமான பதிக்குள் ஆண்கள் தலைப்பாகை இல்லாமல் நின்று வணங்குவது கிடையாது. தலைப்பாகை என்றால் கிரீடம் என்று அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பறிகொடுத்தவர், தன்னிடம் வந்த ஒவ்வொரு ஆணின் தலையிலும் முடி சூட்டிவிட்டுப் போயிருக்கிறார். சமய எழுச்சி எப்படிச் சமூக மாற்றமாகிறது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் துணிதான்.

ஏன் துணி? அன்றைய திருவிதாங்கூரில் பனையேறிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொண்டால்தான் அது விளங்கும். சாணார் என்று அப்போது அழைக்கப்பட்டவர்கள், அதாவது இன்றைய நாடார்கள், நம்பூதிரியிடமிருந்து 36 காலடி தள்ளி நிற்க வேண்டும், நாயரிடமிருந்து 12 காலடி. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன்நகை கூடாது, மாடி வைத்து வீடு கட்டக்கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுக்கக்கூடாது, மார்பை மறைத்து மேலாடை போடக்கூடாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் ஆண்கள் தலையிலும் தோளிலும் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு மேல் பனைக்கு வரி, தலைக்கு வரி. அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் உழைக்கும் ஊழியம் வேறு. புலையருக்கும் பறையருக்கும் இதைவிடக் கொடுமை. அவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாகவே இருந்தார்கள்.

இந்தப் பட்டியலைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். இவற்றில் பெரும்பாலானவை உடம்பின் மேல் எழுதப்பட்ட சட்டங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது, எதை எங்கே சுமப்பது, எந்தப் பகுதியை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்று காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை உடம்புக்குப் பாடம் நடந்துகொண்டே இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கீழ்மை என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பதைப் பார்த்தே அது கற்றுக்கொள்ளும். அப்படிக் கற்றதை வாய்ப்பேச்சால் அழிக்க முடியாது. உடம்புக்கு வேறொரு பழக்கத்தைக் கொடுத்துத்தான் அழிக்க வேண்டும்.

வைகுண்டர் செய்தது அதைத்தான். துண்டைத் தலையில் கட்டு, அப்படித்தான் சாமி கும்பிட வேண்டும் என்றார். தடுக்கப்பட்ட ஒன்றை வழிபாட்டின் கடமையாக மாற்றினார். உரிமை கேட்பவன் அதிகாரியின் வாசலில் காத்து நிற்க வேண்டும். கடமையைச் செய்பவனுக்கு யாரிடமும் கேட்க வேண்டிய தேவை இல்லை. சீர்திருத்தம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத ஊரில், மனு எழுதத் தெரிந்தவர்கள் அபூர்வமாக இருந்த மக்களிடம், இந்த வழி செய்த வேலையை வேறெந்த வழியும் செய்திருக்குமா என்று தெரியவில்லை.

பதிக்குள் சிலை இல்லை. கருவறை இருக்கும் இடத்தில் கண்ணாடி, முன்னால் விளக்கு. கும்பிட நிற்பவர் தலைப்பாகையோடும் நெற்றியில் வெள்ளை மண்ணால் இட்ட நாமத்தோடும் தன் முகத்தையே பார்க்கிறார். நான் முதல்முறை சாமித்தோப்பில் அந்தக் கண்ணாடி முன் நின்றபோது கையை எப்படிக் குவிப்பது என்று தெரியாமல் திகைத்தேன். 36 காலடி தள்ளி நில் என்று சொல்லப்பட்ட ஒருவர் 1830களில் அங்கே நின்று, கடவுள் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தைக் கண்டபோது அவருக்குள் என்ன நடந்திருக்கும்! அதை எந்த ஆவணமும் பதிவு செய்யவில்லை. ஆனால் அடுத்து நடந்தவற்றைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

பூசாரி வேண்டாம், பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார். பேய்க்கும் மாடனுக்கும் ஆடு கோழி வெட்டிக் கடன்பட்ட குடும்பங்களுக்கு இது பொருளாதார விடுதலையும்கூட. சாமித்தோப்பில் வெட்டிய கிணற்றுக்கு முத்திரிக்கிணறு என்று பெயர். சாதிக்கொரு கிணறு இருந்த நாட்டில் பதினெட்டுச் சாதியும் அங்கே ஒன்றாகத் தண்ணீர் இறைத்தார்கள் என்கிறது மரபு. பதிக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த நீரில் குளித்து, கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். எல்லாரும் கொண்டுவந்ததைச் சேர்த்துப் பொங்கி, எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும் சோறும் அங்கிருந்து தொடங்கியதுதான். தண்ணீரும் சோறும் சாதியின் இரண்டு காவல்கள். அந்த இரண்டையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அரசு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. திருவிதாங்கூர் அரசின் அடித்தளமே ஒரு சமய ஏற்பாடு. 1750இல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசனாக அவர் பெயரில் ஆட்சி செய்வதாக அறிவித்திருந்தார். நாட்டுக்கு உடையவர் திருமால், அரசர் அவருடைய ஊழியர். சாதி ஒழுங்கும் அந்தத் திருமாலின் ஒழுங்கு என்றே காக்கப்பட்டது. இப்போது அதே திருமாலின் பிள்ளை தென்கோடியில் பனையேறிகள் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால்? அரசரின் ஊழியத்துக்கே உடையவர் இல்லாமல் போகிறார். வைகுண்டர் அரசரைக் 'கலிநீசன்' என்றார், வெள்ளைக்காரரை 'வெண்ணீசன்' என்றார். சாதியைப் பார்த்து மேலிருந்து வீசப்பட்ட நீசன் என்ற சொல்லை எடுத்து ஆள்பவர்களின் மேலேயே வைத்தார். அரசியல் அறிக்கை ஒன்றும் இல்லாமலே இது அரசியல்தான்.

1838இல் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் வைத்திருந்தார்கள். பசித்த புலியின் முன் விட்டார்கள், புலி பணிந்தது என்று பக்தர்கள் சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அதே மரபு சொல்லும் இன்னொரு செய்தி. உன் சாதிக்காரரோடு மட்டும் பழகுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்களாம். அவர் அந்த ஓலையைக் கிழித்துப் போட்டாராம். அரசு எதற்குப் பயந்தது என்பதை இந்தக் கதை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு சாதி தனக்குள் ஒரு சாமியாரை வைத்துக்கொள்வதில் அரசுக்கு நட்டமில்லை. பல சாதிகள் ஒரே கிணற்றடியில் கூடுவதுதான் ஆபத்து.

1839 மாசியில் விடுதலையாகி வந்தார். வந்தவர் அடுத்துச் செய்தது ஒரு பெரிய பயிற்சி என்றே நான் நினைக்கிறேன். சுமார் 700 குடும்பங்களைக் கன்னியாகுமரிக்கு அருகே கடற்கரைக்கு அனுப்பினார். அங்கே ஆறு மாதம் தவம். கடலில் தினமும் மூன்று வேளை துணி துவைக்க வேண்டும், குளிக்க வேண்டும். பச்சரிசியும் பயறும் சேர்த்துப் பொங்கி ஒருவேளைச் சாப்பாடு. இதற்குத் துவையல் தவசு என்று பெயர். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரே இடத்தில் தங்கி, ஒரே உலையில் சமைத்து, ஒரே நேரத்தில் வழிபட்டார்கள். அழுக்குப் பிடித்தவர்கள், தீட்டு ஒட்டியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட மக்கள் ஆறு மாதம் தங்கள் துணியைத் தாங்களே வெளுத்துக்கொண்டு இருந்தார்கள். தவம் முடிந்து ஊர்களுக்குத் திரும்பியவர்கள், புறப்பட்டுப் போனவர்களாக இல்லை. ஐயாவழியின் பதிகளும், ஊர் ஊராக எழுந்த சிறிய நிழல்தாங்கல்களும் இந்தத் தலைமுறையின் உழைப்பு. வழிபடக் கூடும் அந்தத் தாங்கல்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடங்களாகவும், பசித்தவர் சாப்பிடும் இடங்களாகவும் இருந்தன.

1841இல் அவருடைய சீடர் அரிகோபாலன் ஐயாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். அம்மானை என்ற வடிவமே எளிய மக்களுக்குக் கேட்டுப் பழக்கமானது. ஒருவர் பாட நாலு பேர் கேட்கலாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கார்த்திகை மாதம் சாமித்தோப்பில் 17 நாள் நடக்கும் திருஏடு வாசிப்பில் இன்றும் அது அப்படியே காதுவழி போய்ச் சேர்கிறது. அந்த நூலில் மக்கள் 'சான்றோர்' என்று அழைக்கப்படுகிறார்கள். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பாற்றுவதே தர்மம் என்ற வாக்கை ஐயாவழிக் குடும்பங்களில் பிள்ளைகள் பழமொழி போலச் சொல்வார்கள். சாணார் என்று ஊர் சொன்னதைச் சான்றோர் என்று ஏடு சொன்னது. பெயர் மாற்றச் சொல்லி மிரட்டப்பட்ட ஒருவரின் இயக்கம் இப்படிப் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டது இயல்புதான்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு பாதிதான். அந்தச் சிறிய நிலப்பரப்பில் அதே காலத்தில் இன்னொரு சமய எழுச்சியும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கிறித்தவத்துக்குள் எழுந்த பெரிய எழுப்புதலின் பிள்ளைகளில் ஒன்று, 1795இல் தொடங்கிய லண்டன் மிஷன் சங்கம். அதே எழுப்புதல்தான் அங்கே அடிமை வணிகத்துக்கு எதிரான இயக்கத்துக்கும் உரம் போட்டது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் கிறித்தவராகி வேதமாணிக்கம் ஆனார். தீண்டத்தகாதவராக நடத்தப்பட்ட சாதியில் பிறந்தவர் அவர். அவருடைய அழைப்பில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் அவர்கள் தேவாலயம் கட்டிய ஆண்டு 1809. முடிசூடும் பெருமாள் பிறந்த அதே ஆண்டு, சில மைல் தூரத்தில்!

பிறகு வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பள்ளி நடத்தினார், 1820இல் அச்சகம் கொண்டுவந்தார். மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். சொந்தமாகச் சம்பாதித்த பெண்கள் சிலர் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். கிறித்தவரான சாணார்ப் பெண்கள் மேலாடை போடத் தொடங்க, தோள்சீலைப் போராட்டம் வெடித்தது. 1813இல் மேலாடைக்கு இடம் கொடுத்து பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் மன்றோவின் ஆணை, பிறகு அதன் மேல் மட்டுப்பாடு, 1820களில் கலவரம், 1829இல் மகாராணியின் தடை, 1858-59இல் மறுபடி பெரிய கலவரம் என்று அது நீண்டது. பெண்களின் மேலாடை சந்தையில் கிழிக்கப்பட்டது, மிஷன் பள்ளிகளும் தேவாலயங்களும் எரிந்தன. கடைசியில் சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் கொடுத்த நெருக்கடியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா மேலாடைக்கு அனுமதி கொடுத்தார். அதுவும் முழுதாக இல்லை. ரவிக்கை போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. அடிமை முறை அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1855இல்தான் ஒழிந்தது. அதற்காக 1847இலேயே மனுக் கொடுத்தவர்கள் மிஷனரிகள்.

அப்படியானால் தோள்சீலை வெற்றி யாருடையது? இந்தக் கேள்வியில் குமரி மாவட்டத்தில் இன்றும் சூடு ஏறும். ஐயாவழியினர் வைகுண்டர் என்பார்கள், சபையினர் மிஷன் என்பார்கள். ஆவணங்களைப் பார்த்தால் அரசாணைகளை வரவழைத்ததில் மிஷனின் கை தெளிவாகத் தெரிகிறது. அவர்களுக்குத் திருவிதாங்கூரில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியான ரெசிடென்ட் இருந்தார், சென்னையில் ஆளுநர் இருந்தார், லண்டனில் வாசகர்கள் இருந்தார்கள். வைகுண்டருக்கு அந்த வழி எதுவும் கிடையாது. அவர் 1851இலேயே மறைந்துவிட்டார். ஆனால் ஆணை வந்தால் மட்டும் போதுமா? ஆணையை உடம்பில் எடுத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகத் துணிவு வேண்டும். மதம் மாறாத ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அந்தத் துணிவை வளர்த்தது சாமித்தோப்பு. மிஷனரிகள் அவரை வெறுத்தார்கள். தங்கள் ஊழியத்துக்கு முத்துக்குட்டியின் கூட்டம் பெரும் தடை என்று 1840களின் மிஷன் அறிக்கைகள் புலம்புகின்றன. ஐயாவழியிலும் அவர்கள் மேல் அன்பு இல்லை. ஒருவரை ஒருவர் மறுத்த இந்த இரண்டு எழுச்சிகளும் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே சுவரை இடித்தன. சபைக்குள் போனவருக்கும் மரியாதை கிடைத்தது, தாங்கலுக்குப் போனவருக்கும் கிடைத்தது. பழைய இடத்திலேயே நிற்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. போட்டி செய்த நன்மை இது.

இந்த வகை எழுச்சிகள் மேல் ஒரு விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. பலி கூடாது, இறைச்சி கூடாது, கள் கூடாது, குளி, துவை, சுத்தமாக இரு என்பதெல்லாம் மேல்சாதியைப் பார்த்து நடப்பதுதானே என்று கேட்பார்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் இதற்குச் சமஸ்கிருதமயமாதல் என்று பெயர் வைத்தார். ஒரு சாதி மேலே ஏறிக்கொள்ளும்போது ஏணியை எட்டி உதைத்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல சாதிகளின் சங்கங்களில் அதுவும் நடந்தது. ஆனால் வைகுண்டரின் சுத்தத்தை முழுதும் அந்தக் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. மேல்சாதிச் சுத்தத்தின் உயிர் விலக்கிவைப்பதில் இருக்கிறது. முத்திரிக்கிணற்றின் சுத்தம் கூப்பிட்டுச் சேர்ப்பதில் இருந்தது. குளிப்பது ஒன்றுதான், குளித்த பிறகு யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். அதேசமயம், பதினெட்டுச் சாதிக்கும் என்று தொடங்கிய வழி காலப்போக்கில் பெரும்பாலும் ஒரு சாதியாரின் வழியாகச் சுருங்கியது என்பதும் உண்மை. அவர் கிழித்துப் போட்ட ஓலையில் இருந்த நிபந்தனையை யாரும் கட்டாயப்படுத்தாமலே காலம் ஓரளவு நிறைவேற்றிவிட்டது. அது எனக்கு வருத்தம்.

சாமித்தோப்பிலிருந்து பார்த்தால் மருந்துவாழ்மலை தெரியும். அந்த மலையின் பிள்ளைத்தடம் குகையில் 1880களில் ஓர் இளந்துறவி தவம் இருந்தார். செம்பழந்தியில், கேரளத்தில் தாழ்த்தப்பட்டிருந்த ஈழவச் சாதிக் குடும்பத்தில் பிறந்த நாராயண குரு. தமிழ் நன்றாகத் தெரிந்தவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். மலையிலிருந்து இறங்கிப் போனவர் 1888 சிவராத்திரி அன்று அருவிப்புறத்தில் நெய்யாற்றுக்குள் முங்கி ஒரு கல்லை எடுத்து வந்து, கரையில் பாறை மேல் சிவலிங்கமாக நிறுவினார். பிராமணர் தவிர வேறு யாரும் பிரதிட்டை செய்யக்கூடாது என்பது அன்றைய விதி. எந்த உரிமையில் செய்தாய் என்று கேட்டவர்களுக்கு, நான் நிறுவியது ஈழவச் சிவனை என்று பதில் சொன்னதாக வழங்கும் கதை கேரளம் முழுக்கத் தெரிந்தது. சாதிபேதமும் மதத்துவேஷமும் இல்லாமல் எல்லாரும் சகோதரராக வாழும் முன்மாதிரி இடம் இது என்று அங்கே எழுதி வைத்தார்.

இங்கேயும் அதே சூத்திரம். எனக்குக் கோயிலுக்குள் இடம் கொடு என்று அவர் கேட்கவில்லை. ஆற்றில் இறங்கிக் கல்லை எடுத்தார், கோயில் உண்டானது. அந்தச் சிறு கோயிலைப் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட குழுவிலிருந்துதான் 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது. ஈழவ மருத்துவரான டாக்டர் பல்பு பின்னால் நின்றார், கவிஞர் குமாரன் ஆசான் செயலாளரானார். வழிபடக் கூடிய கூட்டம் சங்கமானது, சங்கம் பள்ளிக்கூடம் கேட்டது, அரசு வேலை கேட்டது, தெருவில் நடக்கும் உரிமை கேட்டது. எழுச்சி சீர்திருத்தமாக வளரும் கட்டங்களை இவ்வளவு வெளிச்சமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. குருவின் பிரதிட்டைகளும் காலத்தோடு மாறிக்கொண்டே போயின. முதலில் சிவலிங்கம், பிறகு ஒரு கோயிலில் விளக்கு, முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற சொற்கள். 1927இல் களவங்கோட்டில் ஒரு கண்ணாடி. இனிக் கோயில்கள் போதும், பள்ளிக்கூடங்களே கோயில்களாகட்டும் என்று அவரே சொல்லும் நாளும் வந்தது.

அந்தக் கண்ணாடியை அறிந்தபோது எனக்குச் சாமித்தோப்பு நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய 90 ஆண்டு இடைவெளியில், இரண்டு தாழ்த்தப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த இரண்டு துறவிகள், கருவறையில் வைக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். விலக்கப்பட்ட மனிதருக்குக் காட்ட வேண்டியது அவருடைய முகத்தைத்தான்.

குருவுக்கும் அதே வருத்தம் நேர்ந்தது. யோகம் வளர வளர ஈழவப் பெருமை அதற்குள் ஏறியது. 1916இல் அவர் டாக்டர் பல்புவுக்கு எழுதிய கடிதத்தில், யோகத்துக்குச் சாதி அபிமானம் கூடிவருவதால் அதை முன்பே மனத்திலிருந்து விட்டது போல இப்போது சொல்லிலும் செயலிலும் விட்டுவிட்டேன் என்றார். தான் எந்தச் சாதியையும் மதத்தையும் சேர்ந்தவன் இல்லை என்றும் அதே ஆண்டில் அறிவித்தார். தான் உண்டாக்கிய அமைப்பைத் தானே மறுத்து வெளியே வந்து நிற்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அடுத்த ஆண்டே அவருடைய சீடர் சகோதரன் அய்யப்பன் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். அதற்காகச் சொந்தச் சாதியே அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று பழித்தது. அவர் அந்தப் பெயரைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். சாதி, சமயம் பார்க்காமல் பசித்தவருக்குச் சோறு என்று அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலை இன்றும் அணையவில்லை. ஜீவகாருண்யம் என்ற கொள்கையைப் பலர் பேசியிருக்கிறார்கள். அதை ஓர் அடுப்பாக்கி, தினமும் சோறு வெந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தோடு விட்டுப்போனவர் அவர். கொள்கை மறந்துபோகும் ஆட்கள்கூட நேரத்துக்கு உலை வைத்துவிடுவார்கள்.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. காங்கிரசும் காந்தியும் வந்தார்கள், ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை போனார். யோகத்தைச் சேர்ந்த டி.கே. மாதவன் முன்நின்ற அந்தப் போராட்டத்துக்கு நாராயண குரு தன் மடத்தைத் திறந்து விட்டார், ஆயிரம் ரூபாய் கொடுத்தார். கடவுளை மறுத்தவர்களும் கடவுளைக் கண்ணாடியில் காட்டியவர்களும் ஒரே தெருவில் நின்றார்கள். 1926இல் சுசீந்திரத்திலும் அதே கோரிக்கை எழுந்தது. தாணுமாலயன் கோயில் இருக்கும் அந்தச் சுசீந்திரம் சாமித்தோப்பிலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். தாணுமாலயன் கோயில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. முத்திரிக்கிணற்றிலிருந்து சனங்கள் ஒன்றாகத் தண்ணீர் இறைக்கத் தொடங்கி அப்போது ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருந்தது.